முப்பத்தொன்று உள்ள மாதம்

ராலின்ஸில் காற்றுக்கு ஓய்வுநாள் கிடையாது.
தள்ளுவண்டிகளைச் சேர்ப்பது என் வேலை.
சேர்க்காவிட்டால் அவை தாமாகவே கிளம்பிப் போய்
யார் கதவையாவது இடித்துவிட்டு நிற்கும்,
கல்யாண வீட்டுக்குக் குடித்துவிட்டு வந்த மச்சான் மாதிரி.

டயர் பகுதியைத் தாண்டி
விளக்குக் கம்பம் பதினான்கில் தொடங்கிப் புல்மேடு வரை
இரவில் கேரவன்கள் வந்து ஒதுங்கும்.
நாற்காலி வெளியே போடக் கூடாது,
ஜெனரேட்டர் பத்து மணிக்கு மேல் பேசக் கூடாது,
அடுப்பு கூடவே கூடாது:
எழுதிவைக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.
ஒரே ஒரு முறை
ஐடஹோக்காரர் ஒருவர் கரி அடுப்பில் மீன் சுட்டார்.
மற்ற ஆறு வண்டிகளும் திரைச்சீலையை இழுத்துக்கொண்டன.
அவர் மீனைத் தனியே தின்றார், நின்றுகொண்டே.

இன்று மேலாளர் ஹோல்ம்ஸ்டெட்
ஒரு கத்தை மஞ்சள் காகிதம் தந்தார்.
வைப்பரில் செருகிவிட்டு வா, போதும் என்றார்.
காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாது,
டென்வரிலிருந்து வந்து மூன்று வாரம்தான்.
ஆகவே தட்டினேன், ஒவ்வொரு கதவாக.

முதல் வண்டியில் ஒரு கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டது.
இரண்டாவதில் நாய்.
அடுத்ததில் காற்றாலை வேலைக்கு வந்த பையன்கள்,
"எங்களையுமா?" என்றார்கள்,
வாயில் எங்கள் கடை பீட்சா.

கடைசி வண்டி ஆர்டித் ஸ்டக்கியுடையது.
மூக்குக்கண்ணாடியின் கால் டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.
நீயே படி என்றாள்.
படித்தேன்:
ஒன்றாம் தேதி முதல் இரவில் தங்க அனுமதியில்லை,
மீறினால் வண்டி இழுத்துச் செல்லப்படும்,
செலவு உங்களுடையது.
'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்பதை
ஏனோ கடைசியில் படித்தேன்.

உள்ளே போனவள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள்.
டின் நிறைய ரசீதுகள்.
"ஓசியில் படுத்தேன் என்று எவனும் சொல்லக் கூடாது.
ராத்திரிக்கு ஒரு வாடகை."
ஒரே ஒரு எலுமிச்சம்பழம், சலைனா.
ஒரு ஜோடி காலுறை, நார்த் பிளாட்.
மெழுகுவத்தி. ஊசிநூல். மறுபடி எலுமிச்சம்பழம்.
அமரிலோ வரைக்கும் எல்லாவற்றிலும் சவர பிளேடு இருந்தது.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"அமரிலோவில் இறங்கிக்கொண்டான்," என்றாள்,
பஸ்ஸைப் பற்றிப் பேசுவது போல.

சில ரசீதுகளில் எழுத்தே இல்லை.
வெயில் பட்டால் அந்தக் காகிதம் மறந்துவிடுகிறது.
வெறும் வெள்ளையைத் தடவி
"இது டூசான்," என்றாள்,
கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை, யூமா."

"இன்றைக்கு என்ன தேதி?"
முப்பது.
"இந்த மாதத்துக்கு முப்பத்தொன்று உண்டா?"
செல்போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.
ஆனால் அவள் அதற்குள்
கையை மூடி நீட்டிவிட்டாள்.
விளக்குக்கு அடியில் நான் எண்ணினேன்,
மேடு ஜனவரி, பள்ளம் பிப்ரவரி,
ஜூலையோடு முட்டிகள் தீர்ந்து
ஆகஸ்டுக்கு மறுபடி முதல் மேட்டுக்கு வந்து
அக்டோபரில் என் விரல் நின்ற இடம்
உயரமாய் இருந்தது, சில்லென்று இருந்தது.
உண்டு என்றேன்.
"அப்போ நாளைக்கும் வாடகை கட்டணும்."

விடியுமுன் வெண்பனி தூறியது.
ஐந்தரைக்கு நான் போய்ப் பார்க்கையில் அவள் இல்லை,
கையில் இருந்த அந்த ஒரு நாளை
எடுத்துக்கொள்ளாமலே போயிருந்தாள்.
கம்பத்தின் கீழே
பனி விழாத ஒரு நீள்செவ்வகம், கறுப்பாய்,
நடுவில் ஒரு சொட்டு எண்ணெய்.

தள்ளுவண்டி ஒன்று காற்றில் உருண்டு வந்து
சரியாய் அதற்குள் போய் நின்றது.
மற்றதை முதலில் சேர்க்கலாம் என்று
அதை அப்படியே விட்டேன்.