அரைக்கால் மாடு

ஆஷ்லிமான் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:
செவ்வாய்க்கிழமை வெட்டு,
பதினேழு நாள் தொங்கும்,
மூன்றாம் சனி ஒன்பதுக்கு முன் வாருங்கள்,
பெட்டி உங்களுடையது.

அரை மாடு, நாலு வீடு.
ஆளுக்கு அரைக்கால் என்றேன்.
பின் இருக்கையில் சின்னவன் சிரித்தான்:
அரைக் கால் உள்ள மாடு எப்படி அம்மா நிற்கும்?
அவன் வாய்ப்பாட்டில் இல்லாத அந்தக் கணக்கை
விளக்கி முடிப்பதற்குள்
டிரூப்ஷாகன் தாண்டி
மூடுபனிக்கு மேலே ஏறிவிட்டது கார்.
மேலே வெயில். கீழே பள்ளத்தாக்கு
பொங்கிய பால்போல் விளிம்புவரை நின்றது.

ஆஷ்லிமானின் மகள் கோரின்
ரசீதில் பெயர் எழுதினாள்.
எங்கள் பெயரில்லை, மாட்டின் பெயர்:
காஸ்பார். இருபத்திரண்டு மாதம்.
காதுத் தகட்டின் எண்.
அவனுக்கு ஆப்பிள் பிடிக்கும் என்றாள்,
பிடித்தது என்று திருத்தவில்லை.

நாக்கு, வால், ஈரல் வேண்டுமா,
இங்கே யாரும் கேட்பதில்லை என்றாள்.
வேண்டும் என்று நான் சொன்ன வேகத்தில்
எனக்கே கொஞ்சம் வெட்கம்.

நூற்றுப்பத்துக் கிலோ.
இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
பெட்டிகள் முன்னால் நகர்ந்து
இருக்கையின் முதுகைத் தட்டின.
சின்னவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

புர்க்டோர்ஃப். எங்கள் கராஜ்.
குளியலறைத் தராசைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தோம்.
கழுத்தும் இடுப்பும் ஒரே விலை,
கிலோ இருபத்து நாலு பிராங்க்,
அதனால் சண்டை வருமென்று
முதல் நாளே சீட்டு எழுதி வைத்திருந்தேன்.
சண்டை வந்தது.
சீட்டை எழுதியது நான் என்பதுதான் சண்டை.
தபாலகத்து டரிங்கா நாக்கைத் தூக்கிக்கொண்டு
ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.
றெஜினோல்ட் அண்ணை நல்லி எலும்பை
சீட்டில் சேர்க்கக் கூடாது என்றார்,
அது அன்பளிப்பாம், அவருக்காம்.

சத்தியரூபன் மட்டும் சுவரோடு நின்றார்.
முதல் ஆளாய்க் காசு அனுப்பியவர் அவர்.
வீட்டில் கந்தசஷ்டி.
"விரதம் முடிஞ்சாலும் கொண்டுபோக ஏலாது,
எங்கட ஃப்ரிட்ஜிலை
முருகனுக்கு வச்ச பால் இருக்கு."

அப்படித்தான் அவருடைய அரைக்கால்
எங்கள் ஃப்ரீசரின் அடித்தட்டில் குடியேறியது.
பையில் எழுதினேன்:
சூரன் விழும்வரை திறக்காதே.

சூரன் விழுந்தான்.
அடுத்த சனி வந்தார்,
கராஜில் காஸ் அடுப்பு, கதவுக்கு வெளியே பனி.
வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?
"விண்டர் டயர் மாத்தப் போறன் எண்டு."

ஒவ்வொரு சனியும் டயர் மாற்றினார்.
காஸ்பாரின் தோள் போனது, விலா போனது,
சின்னவன் முதலில் மாட்டேன் என்றான்,
பிறகு பாணைக் குழம்பில் மட்டும் தோய்த்தான்,
பிறகு தட்டை நீட்டினான்.
தை பிறக்குமுன் எட்டுச் சனி,
முப்பத்திரண்டு டயர்.

ஒன்பதாவது சனி
கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜாம் போத்தல்.
"சுகிர்தா தந்துவிட்டவ,
சும்மா, உங்களுக்காம்."

திறந்தேன்.
அவள் வீட்டு மரக்கறித் தூள் எனக்குத் தெரியும்.
இது அதில்லை.
கருக வறுத்தது,
பெருஞ்சீரகம் ஒரு கை கூட.
போத்தலைத் திருப்பினால்
அடியில் ஒட்டிய துண்டுத்தாள், அவள் கையெழுத்து:
டயருக்கு.

அவர் குனிந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.
கண் நிறைய நீர்.
வெங்காயம் என்றார், நான் கேட்காமலே.
துண்டுத்தாளைப் பெருவிரலால் மறைத்தபடி
ஒரு கரண்டி போட்டேன்,
கொஞ்சம் யோசித்து
இன்னும் அரைக்கால் கரண்டி.