விபத்து: இல்லை

மண்டபத்தில் ரயில் பாதைக்கு வடக்கே
இறால் கம்பெனி மூடி நாலு வருஷம்.
ஏலத்தில் எடுத்தவர் சாவி அனுப்பியிருந்தார்.
வெள்ளிக்குள் மாடி ஆபீஸ் காலியாக வேண்டுமாம்.

ஆறு வருஷம் கீழே நின்று தலை கிள்ளியவள் நான்.
இந்தப் படியில் ஏறவிட்டதில்லை.
இன்று ஏறுகிறேன்.
பதினேழு படி.
கைப்பிடிக் கம்பி ஏழாவதோடு முடிந்துவிடுகிறது,
மீதியை உப்பு தின்றுவிட்டது.

நாலு பேருக்கு இரண்டு ஜோடி கையுறை
கொடுத்தார் கான்ட்ராக்டர் துரைசிங்கம்.
எந்தக் கையைக் காப்பாற்றுவது என்று
ஆளாளுக்கு முடிவெடுத்தோம்.
நான் வலது.
ஜெபமாலை இடது, அதில்தான் மோதிரம் இருக்கிறது அவளுக்கு.
மூக்குக்கு என்றேன்.
"முந்தானை எதுக்கு?"

முப்பத்தாறு டியூப்லைட்.
உடைத்தால் மூட்டை குறையும் என்று
சீனியப்பன் ஒன்றை முழங்காலில் வைத்து ஒடித்தான்.
வெயிலில் வெள்ளையாக ஒரு பொடி எழுந்தது.
மூச்சை அடக்குடா, வெளியே போ என்று கத்தினேன்.
பாதரசம் என்று பெரியாஸ்பத்திரிச் சுவரில்
எப்போதோ எழுத்துக் கூட்டிப் படித்தது
தொண்டையில் இத்தனை நாள் கிடந்திருக்கிறது.
மீதி முப்பத்தைந்தையும்
பழைய காலண்டர்களில் சுற்றினோம்,
பிள்ளையைச் சுற்றுவது மாதிரி.

வயிறு ஊதிய பேட்டரிகள் பன்னிரண்டு.
ஒன்று கசிந்திருந்தது.
மத்தியானத்துக்குள் என் சேலை நுனியில்
ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை.

பீரோவைத் தூக்குமுன் அறைகளைக் கழற்ற வேண்டும்.
கழற்றவில்லை.
சாவி இல்லை, லாரிக்கு மணிக்கூலி,
துரைசிங்கம் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
எட்டாம் படியில், கம்பி இல்லாத இடத்தில்,
மூன்றாவது அறை தானே நாக்கை நீட்டியது.
பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது.
இன்னாசி "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை.
ரப்பர் செருப்பு மட்டும் சத்தம் போட்டது.

காலைத் துணியில் கட்டினோம்.
அறையிலிருந்து கொட்டிய தாள்களைப்
பெருக்கப் போனவள் நான்.
சிவப்பு முதுகு வைத்த நீள நோட்டு.
விபத்துப் பதிவேடு.

ஜனவரி: இல்லை.
பிப்ரவரி: இல்லை.
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
ஒரே உட்காரலில் ஒரு வருஷத்தையும்
எழுதி முடித்த மாதிரி.
ஆகஸ்ட்: இல்லை.

ஆகஸ்டில்தான் அமோனியாக் குழாய் விட்டது.
ஐஸ் அறை வாசலில் கோட்டையம்மா விழுந்தாள்.
கண் எரிய நாங்கள் வடகடலுக்கு ஓடினோம்.
கச்சான் காற்று.
ஓடிய திசைக்கே நாற்றமும் ஓடி வந்தது.
கோட்டையம்மா இப்போதும் பாதிப் பேச்சில் நின்று
மூச்சு வாங்கிக்கொள்கிறாள்.

இன்னொரு நோட்டும் கிடந்தது, வருகைப் பதிவு.
அதே நீல மை.
அந்த மாதம் எனக்குப் பதினெட்டு நாள்தான் கூலி.
அதை ஒரு நாள்கூடப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

பழைய காகிதம் கிலோ பதினொன்று.
எல்லாம் மூட்டைக்குள் போகட்டும் என்றார் துரைசிங்கம்.
இது முக்கால் கிலோ இருக்கும்,
எட்டு ரூபாயைக் கூலியில் பிடியுங்கள் என்றேன்.
என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.
ஒன்பதாகப் பிடித்தார்.

மேசைப் பேனாக்கள் எல்லாம் காய்ந்திருந்தன.
மூட்டையில் எண் போடுகிற தடிப் பேனாவை எடுத்தேன்.
புதன், மதியம் இரண்டே கால்.
இன்னாசி. வலது பாதம். இரண்டு விரல்.
காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
அறை, கம்பி, செருப்பு, ஹாரன் என்று
ஓரத்தில் ஏறி எழுத வேண்டியிருந்தது.
மை ஊறி அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது.
மேலாளர் கையொப்பம் என்ற இடத்தில் ஒன்றும் போடவில்லை.

லாரியில் மூட்டைகளுக்கு மேல்
அவன் காலை என் மடியில் தூக்கி வைத்திருந்தேன்.
உச்சிப்புளி தாண்டியதும் கண் திறந்து கேட்டான்:
"என்னன்னு எழுதுன?"
வாசித்தேன்.
"இன்னாசிமுத்து" என்றான்.
லாரி குலுங்கக் குலுங்க
முத்துவைச் சேர்த்தேன்.
"அந்தக் காலை நீட்டாதே,
அங்கே டியூப்லைட் இருக்கு."