கடல் பார்த்த அறை

"கடல் பார்த்த அறை" என்றுதான் போட்டிருந்தது.
ஒரு வாரத்துக்கு முன்பணம் கட்டி
தூரினிலிருந்து ரயிலேறி வந்து
நூற்று முப்பத்திரண்டு படி ஏறிக்
கதவைத் திறந்தால்
கடல் இருக்க வேண்டிய பக்கம் சுவர்.

எத்தோரே கீழே இறங்கிப் போய்ப் பார்த்தான்.
மூச்சிரைக்க மேலேறி வந்து,
வெளியே ஜன்னல் இருக்கிறது என்றான்.
பச்சைக் கதவு, பாதி திறந்தபடி.
விளிம்பில் ஒரு பூந்தொட்டி.
தொட்டிக்கு நிழல்கூட உண்டு.
அத்தனையும் பெயின்ட்.

வீட்டுக்காரர் நெவியோ தோளைக் குலுக்கினார்:
"கடல் பார்த்த அறைதானே?
கடல் பார்க்கிறது.
நீங்கள் பார்ப்பீர்கள் என்று எங்கே எழுதியிருக்கிறேன்?"

நிஜ ஜன்னல் சந்துக்குள் திறந்தது.
கை நீட்டினால் எதிர்வீட்டு அடுப்பு.
அங்கே ஃபெதோரா,
படகில் டிக்கெட் கிழிக்கிறவள்,
ஈரத் தளத்தில் வழுக்கி
மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் கிடத்தி
நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள்.
ஆகஸ்ட்டில். அதுவும் சீசனில்.

"இன்றைக்கு என்ன நிறம்?" என்றாள்.
எது?
"எதுவாம்!"
நீலம் என்றேன்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கமோலிக்குப் போனோம்.
எத்தோரே சண்டைக்குப் போகிறவன்போலப்
படகின் விளிம்பில் நின்று தண்ணீரை முறைத்தான்.
பாட்டிலின் அடிப்பக்கம், என்றான் கடைசியில்.
போர்த்தோவேனெரேயில் உச்சிவெயிலுக்கு
நிறமே இல்லை, வெறும் கண்கூச்சம்.
தெல்லாரோவில் தேவாலயத்துக்குக் கீழே
பாறையோடு ஒட்டின இடத்தில் கத்தரிக்காய்த் தோல்;
ஒரு பையன் குதித்தான்,
உள்ளே வெள்ளை.

கத்தரிக்காய்க்குச் சந்தின் குறுக்கே
ஒரு தட்டு நெத்திலி வந்தது,
எலுமிச்சைத் துண்டோடு.
கண்கூச்சத்துக்கு ரொட்டி மட்டும்.

இரவில் சுவரைத் தடவிப் பார்த்தோம்.
உப்புப் பூத்திருந்தது
ஏறக்குறைய ஒரு ஜன்னல் அகலத்துக்கு.
எத்தோரே விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.
பணத்தைத் திருப்பிக் கேட்டுக்
கடிதம் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தான்.
செவ்வாய்க்கிழமை.
பிறகு வியாழன்.

ஞாயிறு காலை திரும்பும் படகு.
டிக்கெட் கிழிக்கப் புதுப் பையன்,
பதற்றத்தில் என்னுடையதை நான்காகக் கிழித்தான்.
கரையை விட்டு விலகியதும் எண்ணினேன்:
மூன்றாம் மாடி, இடப்பக்கமிருந்து நான்காவது.
யாரோ இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு
அடுப்பில் எதையோ இறக்கப் போனதுபோல
பாதி திறந்திருந்தது.

எங்களுக்கு முன்னால் நின்ற பெண்
கணவனிடம் அதைக் காட்டி,
"அடுத்த வருஷம் அந்த அறை" என்றாள்.
எத்தோரே வாயைத் திறந்தான்.
நான் அவன் காலை மிதித்தேன்.

தண்ணீர் அப்போது ஏதோ ஒரு நிறத்தில் இருந்தது.
சந்துக்குள் இந்நேரம் எண்ணெய் காய்ந்திருக்கும்.
சாம்பல் என்று சொல்லலாம்.
சொன்னால் சாத்திக்கொள்வாள்.