கணக்கில் ஒன்று குறைந்தது

தேவ்னார் வார்டு ஆபீஸ், இரண்டாம் மாடி,
புதன்கிழமைக் கூட்டம்.
மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாள் படபடக்கிறது;
பறக்காமல் இருக்க
தேவ்ருக்கர் முகத்தின் மீது
யாரோ டீ கிளாஸை வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் இலாகா இஞ்சினியர்.
இரண்டு அங்குலக் குழாய்க்கு மூன்று லட்சம் வாங்கினாராம்.
"சோர், சோர்" என்றது எதிர்வரிசை.
என் வரிசையும் மேசையைத் தட்டியது.
கடைசி நாற்காலியில் அவர்
யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல
மடியில் அட்டவணையை விரித்து
வால்வு திறக்கும் நேரங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவரைப் பிடிக்காது.
போன கோடையில்
அறுபது காலிக் குடங்களோடு
அவர் ஜீப்பை மறித்தவள் நான்.
ஒரு குடத்தை பானெட் மேல் வைத்ததும் நான்தான்.

ஆனாலும் எழுந்தேன்.
நேர்மையானவர் என்று சொல்ல வாயெடுத்தால்
அந்தச் சொல்
தேர்தல் நோட்டீஸ் மாதிரி வழவழத்தது.
இந்தச் சபையில் எத்தனை பேருக்குப் போர்த்தி
மடித்து வைத்த சால்வை அது!

"ஆதாரம் இருக்கா, தாயி?" என்றார் தலைவர்.

இருந்தது.
மூன்று வருடமாக
யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன்.

சொன்னேன்:
நான் ஜெயித்த வருடம், மாசி மாதம்,
என் நாத்தனார் புருஷனின் ஐஸ் பாக்டரிக்கு
லைன் கேட்டு இவரிடம் போனேன்.
மலாய் பேடா, ஒரு கிலோ பெட்டி.
பேடாவுக்கு அடியில் பட்டர் பேப்பர்.
பட்டர் பேப்பருக்கு அடியில் ஐம்பதாயிரம்.
திறந்தார்.
ஓரம் தூக்கியிருந்த பேப்பரைப் பார்த்தார்.
ஒரு பேடாவை எடுத்துத் தின்றார்.
கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.
மூடி, ரப்பர் பேண்டை இருந்தபடியே மாட்டி
என் பக்கம் தள்ளினார்.
"அந்தக் குழாய்க்குப் பின்னால்
நாற்பத்தொரு வீடு இருக்கு, தாயி.
பேடா நல்லா இருக்கு."

வீட்டில் கதவைச் சாத்தி எண்ணினேன்.
நோட்டு ஒன்றும் குறையவில்லை.
பேடா வரிசையில் மட்டும் ஒரு குழி.

எழுத்தர் பேனாவை உயர்த்தி
இதை ஏற்றவா, விடவா என்று
கண்ணால் கேட்டார்.
ஏற்றுங்கள்.
பெயரை முழுதாக எழுதுங்கள்:
பேச்சியம்மாள் சுடலைமணி, சீட்டா கேம்ப்.
ஓட்டுக் கேட்பதற்காகக் கற்ற மராத்தி,
அன்றைக்குத்தான் நாக்கில் இடறாமல் வந்தது.

வேறு யாரிடமாவது வாங்கினாரா, தெரியாது.
என்னிடம் வாங்கவில்லை.
அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது
ஒரு கிலோ பெட்டி அளவுதான்.

படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.
நன்றி சொல்வார் என்று
நடையைக் கொஞ்சம் குறைத்தேன்.
"என்னைத் திட்டுகிற உங்கள் தெரு
இனி உங்களையும் திட்டும்" என்றார்.
இரண்டு படி இறங்கிவிட்டு,
"அந்த ஒன்றையும் தின்றிருக்கக் கூடாது.
அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை."

விசாரணை நடக்கிறது.
டீ கிளாஸுக்கு அடியில் இப்போது என் படம்.
கட்சி ஆபீஸில் எனக்கு நாற்காலி போட
மறந்துபோகிறார்கள்.
நாத்தனார் வீட்டிலிருந்து
பொங்கலுக்கு யாரும் வரவில்லை.

விடியற்காலை நாலு நாற்பது.
இருபது நிமிடத் தண்ணீர்,
சணல் கயிறு பருமனில்,
முதல் குழாயிலும் கடைசிக் குழாயிலும்.
குடத்தோடு வரிசையில் நிற்கிறேன்.
யாரும் வழி விடவில்லை.
முன்னால் நிற்கும் ஜெபராணி
திரும்பாமலே கேட்கிறாள்:
"அக்கா, எந்தக் கடைப் பேடா?"