காற்றைக் குடிக்கும் சத்தம்

ஆவாரம்பாளையத்தில் எனக்கு வேலை
காது கொடுப்பது.
ஒரு நாளைக்கு நாற்பது மோட்டார்.
போல்ட் முறுக்கி, குழாய் மாட்டி, சுவிட்சைத் தட்டினால்
சென்னியப்பண்ணன் "என்னுங் தம்பி?" என்று கேட்பதற்குள்
மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்:
இது பேரிங். இது புஷ்.
இதற்கு ஒன்றுமில்லை, பெட்டியில் போடுங்கள்.

தொட்டித் தண்ணீர் என்னவோ ஒன்றேதான்.
காலையில் ஏறியது
சாயங்காலம்வரை ஏறி ஏறி
அதே தொட்டியில் விழும்.
ஒரு பாத்தியைக்கூடப் பார்த்திருக்காது.
அமாவாசைக்கு அமாவாசை மாற்றுவோம்.

வந்த புதிதில் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு
டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன்,
அடியில் சர்க்கரை கிடக்கிறதா என்று.
விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் கிணற்றுத் தண்ணீரில்
பருப்பு வேகாது.
பொங்கலுக்குப் போகும்போது
அம்மாவுக்கென்று இரண்டு லிட்டர் பிடித்துக்கொண்டேன்.
ஒட்டன்சத்திரத்தில் ஒரு வாய்.
மதுரையில் ஒரு வாய்.
அருப்புக்கோட்டையில் பக்கத்து சீட்டுக் குழந்தை அழுதது.
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் பாட்டில்.
அதில் அம்மா
வேப்பெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள்.

இங்கே வீட்டை ஊடு என்கிறார்கள்.
"ஊட்டுல எல்லாரும் சௌரியங்களா?"
என்று மெஸ்காரர் கேட்கும்போதெல்லாம்
"சௌரியங்க" என்கிறேன்.
அந்த "ங்க" எந்த மாதம் என் நாக்கில் ஏறியதோ,
ஒருநாள் அம்மாவிடமே
"சாப்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"யார்ட்டலே பேசுத?" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை.
அறையில் மற்ற மூவரும் படத்துக்குப் போயிருந்தார்கள்.
அம்மா போனில் சொல்லிக்கொண்டே வந்தாள்:
தம்பி முத்தரசு சைக்கிள் செயினை அறுத்துவிட்டான்
(அது என் சைக்கிள்).
மற்றபடி உளுந்து நல்லாயிருக்கு.
அப்பா கால் நல்லாயிருக்கு.
கிணறு நல்லாயிருக்கு.
இவ்வளவும் நல்லாயிருக்கிற ஊரிலிருந்து
எவன் ராத்திரி பஸ் ஏறி இங்கே வருவான்?

அவள் பேச்சுக்குப் பின்னால்
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
எங்கள் கம்பெனிச் சரக்கு இல்லை.
அப்பா யாரிடமோ பாதி விலைக்கு வாங்கிய
பழைய அஞ்சு எச்.பி.
கர்ரென்று வந்து, நடுவில் ஒரு விக்கல்,
பிறகு மெலிந்து, விசில் மாதிரி
ஒரு இழுப்பு.

தண்ணீர் இல்லை.
காற்றைக் குடிக்கிறது.

எனக்குத் தெரியும்.
இப்படியே ஓடினால் முதலில் சீல் போகும்,
அப்புறம் காயில்.
காயில் கட்ட நாலாயிரம்,
அதுவும் இங்கிருந்துதான் போக வேண்டும்.
உடனே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை.

அந்தச் சத்தத்துக்குள்
மோட்டார் அறைத் தகரக் கதவு அதிர்ந்தது.
ஆணியில் மாட்டிய சாவி கிலுகிலுத்தது.
அப்பா இருமினார்.
அடுத்த புஞ்சையில் யாரோ ஆட்டைத் திட்டினார்கள்.
காளீஸ்வரியாக இருக்கலாம்,
அம்மாவிடம் கேட்க முடியாது.
அரை நிமிஷம் இருக்கும்.
பிழைப்புக்குக் கொடுக்கிற காதை
அரை நிமிஷம் எனக்கே வைத்துக்கொண்டேன்,
அங்கே மோட்டார் கரிந்தாலும் கரியட்டும் என்று.

"அம்மா, மோட்டார நிறுத்து."
"ஏம்லே?"
"நிறுத்தும்மா. தண்ணி இல்ல."

செருப்புச் சத்தம் தூரமாய்ப் போனது.
சுவிட்ச்.
அதன் பிறகு அங்கே இருந்த அமைதியில்
ஒரு காக்கை மட்டும்.
எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.
கிணற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சு.

"நீ இன்னும் சாப்பிடலல்லா," என்றாள்.

ஞாயிறென்றால் மெஸ் இரண்டரைக்கே மூடிவிடும்.
மணி மூன்றேகால்.
என் குரலில் எங்கே காற்று இழுத்ததோ.

"சாப்டாச்சு" என்றேன்,
"ங்க" போடாமல்.