மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு

மாம்பலம் ஸ்டேஷனில் விழுந்தேன்
என்றுகூடச் சொல்ல முடியாது.
இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்தேன்,
படி முன்னமே முடிந்திருந்தது.
கையை ஊன்றினேன். முறுக்கு உடைவதுபோல் ஒரு சத்தம்.
பின்னால் வந்தவர்கள்
சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இந்த விழுகைக்கு உடையிற எலும்பில்லையே இது"
என்றார் மாவுக்கட்டுப் போட்டவர்.
கட்டுப் பிரித்ததும் ஸ்கேனுக்கு அனுப்பினார்.
"தேவகிருபை, ஐம்பத்து மூணு!"
படுத்திருந்தேன். மெஷின் என்மேல்
ஜரிகையைச் சந்தேகப்படும் கஸ்டமர்போல
மெதுவாகப் போய் மெதுவாக வந்தது.
மைனஸ் இரண்டு புள்ளி ஏழு.
எட்டாவதோடு நின்றவளுக்கு
மைனஸிலும் மார்க் உண்டு என்று
அன்றுதான் தெரியும்.

"தினமும் வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பீங்க?"
சிரித்துவிட்டேன்.
டாக்டர், இது சென்னை.
தார் இளகிச் செருப்பைப் பிடுங்கும் ஊரில்
வெயில் பத்தவில்லை என்று எழுதிக்கொடுத்தால்
பல்லாவரத்தில் யாரிடம் காட்டுவது?

ரயிலில் கணக்குப் போட்டேன்.
எட்டேமுக்கால் வண்டி, பெண்கள் பெட்டி, நட்டநடுவில் நான்.
ரங்கநாதன் தெருவில் தலைக்குமேல் தார்ப்பாய்.
கடைக்குள் ஏசி, நானூறு குழல்விளக்கு.
ராத்திரி பத்தரைக்கு வெளியே வந்தால்
நிலா இருந்தால் உண்டு.
இருபத்தொரு வருஷத்தில்
வெயிலை நான் பார்த்தது,
"வெளிச்சத்துல கலர் பார்க்கணும்" என்று
யாராவது புடவையோடு என்னையும்
வாசலுக்கு இழுத்துப்போனபோது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால்
இதயம் தாளம் தப்புமாம்.
அதனால் உடம்பு, கேட்காமல்,
எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம்.
இது எனக்குச் சட்டென்று புரிந்தது.
சங்கிலியை வைத்துத்தான்
மகனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டினேன்.
பால் கொடுத்த காலத்தில் அடகு போனதை
உடம்பு எப்படியோ மீட்டுவிட்டதாம்.
மாதவிலக்கு நின்ற பிறகுதான்
வட்டி ஏறியதாம்.
ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம்.

மாத்திரைக்குத் தையல் சுண்ணக்கட்டியின் ருசி.
சோற்றோடு விழுங்கணும், டீயோடு ஆகாது.
இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால்
இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்,
மாம்பலம் படிக்கட்டு மாதிரி.
நல்லதுதானே என்று கூடப் போட்டால்
சிறுநீரகத்தில் கல்லாக உட்காரும்.
வாரத்துக்கொரு பொட்டலம் வைட்டமின் டி,
அது இல்லாவிட்டால்
விழுங்கியதில் பாதிக்கு மேல்
வந்த வழியே போய்விடும்.
கேழ்வரகு சாப்பிடுங்க, நெத்திலி சாப்பிடுங்க, நடங்க.
நெத்திலிக்கு நான் எப்போதும் தயார்,
முள்ளோடு மெல்லுகிற வீடு எங்களுடையது.
நடையா? பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறேனே?
நிற்பது வேற, நடப்பது வேறயாம்.

உட்கார உரிமை உண்டென்று சட்டம் வந்தபோது
எங்கள் மாடிக்கு ஒரு ஸ்டூலும் வந்தது.
அதன்மேல் இப்போது
கல்யாணப் புடவைப் பெட்டிகள் இருக்கின்றன,
சௌகரியமாக.

அதனால் மொட்டைமாடி.
நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து
வெயில்தான் எலும்புக்கு ஆகுமாம்.
ஒன்றேகாலுக்கு டிபன்பாக்ஸோடு ஏறுகிறோம்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்து பேர்.
பெனிட்டா காலை நீட்டிக்கொள்கிறாள்.
மும்தாஜ் கைகளை முழங்கைவரை சுருட்டி
அப்பளம் காயவைப்பதுபோல் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள்.
சூப்பர்வைசர் கீழே
எங்கள் பேரைச் சொல்லிக் கத்துவது
இங்கே பாதிதான் கேட்கும்.

புதிதாகச் சேர்ந்த நிவேதா மட்டும்
தொட்டியின் நிழலிலேயே ஒடுங்கிக்கொள்கிறாள்.
"கறுத்துடுவேன்க்கா. அடுத்த வாரம்
பொண்ணு பார்க்க வர்றாங்க."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தயிர்ச்சோற்றை நீட்டினேன்.
வாங்குவதற்கு
ஒரு கை வெளியே வந்தது,
பேச்சு சுவாரஸ்யத்தில்
அங்கேயே இருந்தது.