நடுவர் இல்லாத மேசை

குவோபியோவில் ஜனவரி.
ஏரி கல்லாகி மூன்று வாரம்.
போட்டிக்கூடத்து வாசலில் கழற்றிப் போட்ட காலணிகள்
உருகி உருகி ஒரு குட்டை கட்டியிருந்தன.
உள்ளே பதினான்கு மேசை,
நடுவர்கள் மூன்றே பேர்.

காலை பத்தரை. ஏழாம் மேசையில் யாரும் நிற்கவில்லை.
தூரே குனிந்தான், தொலைவில் இருந்த மூன்றாம் பந்துக்கு.
அவன் கம்பளிச் சட்டையின் கை
மணிக்கட்டில் தொளதொளத்துத் தொங்கியது.
போகிற போக்கில் ஆறாம் பந்தைத் தடவிவிட்டது.
பச்சைப் பந்து. அரை விரற்கடை உருண்டு நின்றது.
"தொட்டுட்டேன்," என்றான் அவனே.

ஹில்க்கா எழுந்து வந்து பார்த்தாள்.
நகர்ந்த பந்தை அப்படியே விடலாம்,
பழைய இடத்தில் வைக்கலாம்,
முடிவு எதிராளியுடையது.
அடைகாக்கும் கோழிக்கடியில் முட்டையைத் திரும்பத் தள்ளுவதுபோல்
இரண்டு விரலால் அதை எடுத்து வைத்தாள்.
"ம்," என்றாள். அவன் ஆடினான்.
அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள்.

நடுவர் இல்லாத மேசையில் அதுதான் சட்டம்:
வெள்ளையைத் தொட்டால்தான் தீட்டு.
நிறம் உள்ளவற்றை இடிக்கலாம், உரசலாம்,
சொல்லிவிட்டால் போதும்.

தோற்றவர்கள் பக்கத்து ஏணியில் ஒவ்வொரு படியாய் ஏறி
இரவு ஒன்பதுக்கு ஹில்க்கா இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.
எதிரே அதே தூரே.
அதே சட்டை.
இப்போது மேசையருகே நான் நின்றேன்,
வெள்ளைக் கையுறை, இஸ்திரி போட்ட கறுப்புக் கால்சட்டை.

எட்டுக்கு எட்டு.
அவன் குனிந்தான்.
கம்பளி நூல் ஒன்று, பிரிந்த ஒரே ஒரு நூல்,
நாலாம் பந்தின் மேல் ஊர்ந்தது.
பந்து உருளக்கூட இல்லை.
தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
லேசாய் அசைந்து அடங்கியது.

"ஃபவுல்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.
தூரே நிமிர்ந்தான். "காலையில..." என்று தொடங்கி
மிச்சத்தை விழுங்கிவிட்டான்.
அவனுக்கும் தெரியும், விதித்தாளின் நாலாம் பக்கம்:
நடுவர் நிற்கும் மேசையில்
எல்லாப் பந்தும் வெள்ளைப் பந்துதான்.

ஹில்க்கா என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.
கையில் வந்த வெள்ளையை ஒருமுறை சட்டையில் துடைத்தாள்.
மூன்று, நான்கு, ஐந்து.
ஆறுக்குக் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு ஒன்பதுவரை நிற்கவே இல்லை.

கோப்பை கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள்.
நான் கையுறையைக் கழற்றிப் பையில் திணித்தேன்.
அந்த நேரம் பார்த்து நான் காப்பிக்குப் போயிருந்தால்
அவன் தவறே செய்திருக்க மாட்டான்.
நூல் அதே நூல். அசைவு அதே அசைவு.
இடையில் வந்து நின்றது நான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மதுக்கடை.
சாய்ந்த மேசை, நாணயம் போட்டால் பந்து தரும்.
ரெய்யோ அங்கே இருந்தான், கடைசி வண்டியை ஓட்டி முடித்துவிட்டு.
"வா, ஒரு ஆட்டம்."
பத்து நிமிஷம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன்.
பிறகு குனிந்தபோது
என் சட்டைப் பொத்தான் ஒரு கோடுபோட்ட பந்தைத் தட்டிற்று.

"ஃபவுல்," என்றேன், பழக்கத்தில்.

ரெய்யோ கிளாஸிலிருந்து வாயை எடுக்கவில்லை.
"யாருக்கு?"
"பந்து நகர்ந்திடுச்சு."
"நகரட்டும். இந்தத் தரையில லாரி போனாலே நகரும். ஆடு."

ஆட முடியவில்லை.
காலையில் ஹில்க்கா செய்த மாதிரியே
இரண்டு விரலால் பந்தைப் பிடித்து
இருந்த இடத்தில் வைத்தேன்.

அப்போதுதான் அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.
சுவரில் அட்டையொன்று தொங்கியது,
ஈரம் பட்டு மசி பரவிய கையெழுத்து.
ஒரு வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினான்:
பந்தைக் கையால் தொடக் கூடாது.

"இப்பதான் ஃபவுல்," என்றான்.
"எனக்கு ரெண்டு அடி."